மூன்று மீட்டர் தள்ளி

“ஓட்டை விழுந்த டயரை எல்லாரும் தூக்கிப் போடுவாங்க. நீங்க ஓட்டை போட்டு விக்கிறீங்களே!”

எங்கள் கல்யாணத்துக்கு முன்பு, டயர் ஆலையின் ஆய்வகத்தில் அவர் என்னிடம் கேட்டது. அவர் சோதனை ஓட்டுநர். நான் ரப்பரை மெல்லிசாகச் சீவி, மைக்ராஸ்கோப்பில் துளைகளை எண்ணுகிறவள்.

“பனிக்கட்டி மேல படிஞ்சிருக்கிற தண்ணிதாங்க வழுக்குது. இந்தத் துளைங்க அதை உறிஞ்சிட்டா, ரப்பர் நேரா பனியைப் பிடிச்சிக்கும்.”

“அப்ப பிடிக்கிறது ரப்பர், பேர் வாங்குறது நானா? நடக்கட்டும்” என்று சிரித்தார்.

பதினோரு வருடம் ஆகிவிட்டது. ஆலைக்குப் பின்னால் குளிரூட்டிய கொட்டகையில் பனித்தளம். சிவப்புக் கோட்டில் முன்சக்கரம் பட்டதும் அவர் பிரேக்கை மிதிக்க வேண்டும். வண்டி நின்ற இடம்வரை நான் அளப்பேன். நான்கு மாதமாக, கோட்டைத் தாண்டிய பிறகுதான் பிரேக் விளக்கு எரிகிறது. முதலில் அரை மீட்டர் கூடியது. இப்போது மூன்று. அவர் வலது கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நரம்பு மருத்துவர் கையை விரித்துவிட்டார்.

“ஓட்டலைன்னா நான் யாரு?” என்று அன்று வீட்டில் கேட்டார். அவர் காலைச் சொல்லாமல், வண்டி தள்ளி நிற்கக் காரணம் ‘துளைகள் போதவில்லை’ என்று அறிக்கையில் எழுதினேன்.

ரப்பர் கலக்குகிறவர் என் அண்ணன். மூன்று முறை கலவையை மாற்றினார். துளை கூடக்கூட ரப்பர் தளர்ந்து பிய்ந்தது. இன்று காலை நேராகப் பனித்தளத்துக்கே வந்துவிட்டார்.

“ஏம்மா, இதுக்கு மேல துளை போட்டா பஞ்சுதான் வரும். நாளையிலேர்ந்து கலவைப் பக்கமே வராதேன்னுட்டாங்க. உன் கண்ணுக்கு நிஜமாவே துளை கம்மியாத்தான் தெரிஞ்சுதா?”

நான் குனிந்து அளவு நாடாவைச் சுற்றத் தொடங்கினேன்.

“சரி, என் ரப்பர் எங்க நிக்கும்னு எனக்குத் தெரியும்” என்று போய், வண்டி நிற்க வேண்டிய இடத்துக்கு இரண்டு மீட்டர் தள்ளி நின்றுகொண்டார். “வாங்க மச்சான்!” என்று வண்டியில் இருந்த என் கணவரைக் கூப்பிட்டார்.

வண்டி வந்தது. கோட்டைத் தாண்டியது. விளக்கு எரியவில்லை. ஓடிப்போய் அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் விழுந்தோம். அண்ணன் நின்ற இடத்தின் மேல் வண்டி சறுக்கிப்போய் நின்றது.

எழுந்து வண்டியருகே போனேன். உள்ளே என் கணவர் இரண்டு கையாலும் வலது காலைத் தூக்கி நகர்த்திக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

“இன்னொரு தடவை எடுக்குறேன். மச்சானை ஓரமா நிக்கச் சொல்லு.”

அண்ணன் என் பின்னால்தான் நின்றார்.

“வேணாங்க. இறங்கிடுங்க. இனிமே நீங்க வண்டி ஓட்டாதீங்க.”