பதிவான நான்கு விபத்துகள்

அவள் வேலை பார்த்த அலுவலகம் எந்த விதியையும் போடுவதில்லை. மற்ற துறைகள் எழுதும் விதிகள் தேவைதானா, வரும் நன்மை செலவுக்குத் தகுமா என்று பார்த்து, தேறாததைத் திருப்பி அனுப்பும். எட்டு மாதத்துக்கு முன் காகிதம் வெட்டும் இயந்திரங்களுக்கான வரைவு விதி ஒன்று அவள் மேசைக்கு வந்தது. இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை அழுத்தினால்தான் கத்தி இறங்க வேண்டும் என்றது அது. 'ஆண்டுக்கு நான்கு விபத்துகளே பதிவாகியுள்ளன. இச்செலவுக்கு அது போதிய சான்றல்ல' என்று எழுதித் திருப்பினாள். கச்சிதமான வரி என்று மேலதிகாரி மெச்சினார். அவளுக்கும் உச்சி குளிர்ந்தது.

இப்போது அக்காவின் கணவர் வலது கையில் பெரிய கட்டோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்தார். அச்சகத்துக் கத்தி இரண்டு விரல்களைக் கொண்டுபோயிருந்தது.

"வாங்க ஆபீசரம்மா. கையெழுத்து வேணும்னா இனிமே இடது கைதான்."

"வாய்க்குக் கட்டு போட மறந்துட்டாங்க," என்று அக்கா சீறிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கால்மாட்டில் தொங்கிய சிகிச்சை அட்டையைத் தங்கை படித்தாள். வீட்டில் பலகை அறுக்கையில் ரம்பம் பட்டது என்றிருந்தது.

"ஏன் அத்தான் இப்படி?"

"முதலாளி சொல்லச் சொன்னார். வேலை நிலைக்கணும்ல. போன வருஷம் எங்க ஃபோர்மனுக்கு ஜன்னல்ல விரல் நசுங்கிச்சுன்னு எழுதினாங்க. அதுக்கு முந்தி ஒருத்தனுக்கு சைக்கிள் செயின். எங்க மெஷின் மட்டும் யாரையும் தொட்டதே இல்ல, அவ்வளவு சாது!"

அவளால் சிரிக்க முடியவில்லை. நான்கு என்பதை எவ்வளவு தைரியமாக எழுதினாள்! ஞாயிறுதோறும் இவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். வரைவு, பொத்தான், அந்த வரி, எல்லாவற்றையும்.

ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. அத்தான் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"நாலு போதாதுன்னு எழுதின, சரி," என்றார் கடைசியில். "எத்தனை பேர்னா போதும்னு எழுதினியா?"

"இல்லத்தான்."

"அதையாவது எழுதியிருக்கலாமே."

அக்கா பழத்தைத் தட்டில் வைத்தாள். தங்கையைப் பார்க்காமலே, "நீ கிளம்பு," என்றாள்.