ஒரு பொண்ணு சொன்னா

திரைப்படக் கல்லூரியில் கடைசி வருடப் படத்துக்கு வேலை பிரித்தபோது, எல்லோரும் எடுத்தது போக அவளுக்கு மிஞ்சியது ஆடியன்ஸ்தான். இயக்கம், கேமரா, எடிட்டிங், ஒலி என்று ஒவ்வொன்றையும் கை தூக்கியவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். அவளும் கை தூக்கத்தான் செய்தாள். தோளுக்கு மேலே போகாத கையை யார் பார்க்கப் போகிறார்கள்?

படம் ஒரு த்ரில்லர், பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளுக்கானது. வகுப்பு மேடம் ஒரே பிடியாக நின்றுவிட்டார். "யாருக்காக எடுக்கறீங்களோ அவங்களப் போய்ப் பாத்துப் பேசிட்டு வாங்க. அவங்களுக்கு எது பயம்னு தெரியாம முகமூடியும் கத்தியும் தூக்கிட்டு வந்தா நான் ஒத்துக்க மாட்டேன்." டைரக்டரோ முகமூடியும் கத்தியும் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தான். ஆகவே அந்த ஆராய்ச்சி யாருக்கும் வேண்டாத வேலை. அதை அவள் தலையில் கட்டினார்கள். அங்கே ஒருவரை ஒருவர் வேலையைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்பதால், அன்றிலிருந்து அவள் பெயர் ஆடியன்ஸ்.

அவளுக்கு அதில் வருத்தமில்லை. உண்மையைச் சொன்னால் சந்தோஷம். இரண்டு வருடமாக அந்த வகுப்பில் அவளை யாரும் எந்தப் பெயராலும் கூப்பிட்டதில்லை. இப்போது "ஏ ஆடியன்ஸ், இங்க வா" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அன்று முழுக்க அவள் நடையே வேறு.

எடிட்டிங் அறைக் கதவு எப்போதும் உள்ளே தாழ் போட்டிருக்கும். தட்டினால் "யாரு?" என்று குரல் வரும். டைரக்டர் "நான்தான்" என்பான், திறக்கும். கேமராக்காரன் "நான்தான்டா" என்பான், திறக்கும். குரல் தெரிந்தவர்களுக்குத்தான் அந்த 'நான்தான்' செல்லுபடியாகும். அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "நான்தான்னா யாரு?" என்று பதில் வந்தது. இப்போது அந்தக் கஷ்டமில்லை. "ஆடியன்ஸ்" என்றால் திறந்தார்கள்.

அந்தக் கதவு மறுபடி சாத்திக்கொள்ளக் கூடாது. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஒரு டியூஷன் சென்டர் வாசலில் போய் நின்றாள். பிள்ளைகள் வெளியே வரும் நேரம். இரண்டு பெண்கள் இவளைப் பார்த்ததும் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தைப் புதைத்துச் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். ஒரு பையன் "நீங்க போலீஸா?" என்றான். இல்லை என்றதும் அவனுக்கு ஆர்வம் போய்விட்டது. எது பயம் என்று கேட்டதற்கு ஒருவன் "சார்ஜ் தீந்து போறது" என்றான். இன்னொருவன் "அப்பா என் ஃபோன எடுத்துப் பாக்கறது" என்றான். மீதிப் பேர் "தெரியலக்கா", "சும்மா", "பஸ் வந்துருச்சுக்கா". அதற்கு மேல் கேட்க இவளுக்கு வரவில்லை. அந்நியர்களிடம் போய்ப் பேச்சுக் கொடுக்க முடிந்தவளாக இருந்தால் இவள் ஏன் இப்படி இருக்கிறாள்?

கூட்டத்தில் இதைச் சொன்னபோது டைரக்டர் கொட்டாவி விட்டான். "சார்ஜ் தீந்து போறத வெச்சு எப்படிப் படம் எடுக்கறது? சரி, முகமூடியவே வெச்சுக்கலாம். ஆடியன்ஸ், உன் வேல முடிஞ்சுது. தேங்க்ஸ்."

வேலை முடிந்தது என்றால் கதவும் சாத்திக்கொண்டது என்று அர்த்தம். வாய் தானாகத் திறந்தது.

"ஒரு பொண்ணு சொன்னா..."

எல்லோரும் திரும்பினார்கள்.

"அவளுக்கு இருட்டு பயமில்லையாம். பேயும் பயமில்லையாம். சாயங்காலம் ரூம்ல தனியா இருக்கும்போது பக்கத்து ரூம்ல எல்லாரும் சேந்து சிரிக்கற சத்தம் கேக்குமாம். அதுதான் பயமாம். தன்னப் பத்திச் சிரிக்கறாங்களோன்னு முதல்ல நெனச்சாளாம். அப்புறம் அதுவும் இல்லன்னு புரிஞ்சுதாம். இவ ஒருத்தி இங்க இருக்கறதே அவங்களுக்குத் தெரியாதாம்."

வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு 'ஆம்' போட்டுக்கொண்டாள். அந்தச் சின்ன ஒட்டு வாலில் தொங்கும்வரை பேச்சு அவளுடையதல்ல, வேறு யாரோ சொன்னது. தமிழில் ஒளிந்துகொள்ள அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

டைரக்டர் நாற்காலியை முன்னால் இழுத்தான். "அப்புறம்? கதவத் தட்ட மாட்டாளாமா?"

"தட்டினா சிரிப்பு நின்னுடுமோன்னு பயமாம்."

"அடிச்சுது பாரு!" என்று தொடையில் தட்டினான் டைரக்டர். முகமூடி அன்றே பெட்டிக்குள் போனது.

அதற்குப் பிறகு வாரா வாரம் கூட்டம் தொடங்குவதே, "அந்தப் பொண்ணு என்ன சொன்னா?" என்ற கேள்வியில்தான். ஆடியன்ஸ் சொன்னால் கேட்காதவர்கள், ஒரு பொண்ணு சொன்னால் வாயைப் பிளந்து கேட்டார்கள். கதாநாயகியின் அறை எப்படி இருக்க வேண்டும் என்பதை அந்தப் பொண்ணு சொன்னாள். ஒரு தட்டு, ஒரு டம்ளர், யாரும் உட்காராததால் துணி குவிந்து கிடக்கும் இன்னொரு நாற்காலி. சாப்பாட்டுக் கூடத்தில் யாரையோ எதிர்பார்ப்பதுபோல வாசலைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவதை அவள் சொன்னாள். கேமராக்காரன் ஒருநாள், "அவள எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. பாவம், ஒரு நாள் கூட்டிட்டு வா, டீ குடிக்கலாம்" என்றான். அவன் எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கு அவன் டீ வாங்கித் தர மறந்திருந்தான். "வருவா" என்றாள் இவள்.

இப்போது ஹாஸ்டலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்து அறை கற்பனை இல்லை. வேறு வகுப்பில் புதிதாகச் சேர்ந்த மூன்று சின்னப் பெண்கள் அங்கே இருந்தார்கள். பொழுது சாய்ந்தால் போதும், விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அப்படி என்னதான் பேசுவார்களோ! சுவர் வழியாகச் சிரிப்பு மட்டும் வரும், ஜோக் வராது. அதே நேரத்தில்தான் இவளுடைய அம்மா ஃபோன் பண்ணுவாள். எடுத்த எடுப்பில் "சாப்பிட்டியா?" பதில் வருவதற்குள் அடுத்தது. "என்னடி ஒரே சத்தமா இருக்கு? உன் ஃப்ரெண்ட்ஸா?"

"ஆமாம்மா. இங்கதான் எல்லாரும்."

"இருக்கட்டும், இருக்கட்டும். நீ எப்படித்தான் தனியா இருப்பியோன்னு நெனச்சேன். இந்தச் சத்தத்தக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வருது. வெச்சுடறேன், நீ போய் அவங்களோட இரு."

அவ்வளவு சீக்கிரம் வைத்துவிடுவாள் அம்மா. மகளின் சந்தோஷத்துக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதாம்.

படம் எடுத்து முடிந்தது. கதாநாயகி ஒவ்வொரு சாயங்காலமும் பக்கத்து அறைச் சிரிப்பைக் கேட்கிறாள். கடைசியில் ஒருநாள் துணிந்து கதவைத் திறக்கிறாள். உள்ளே யாருமில்லை, கட்டிலெல்லாம் தூசி. நன்றாகத்தான் வந்திருந்தது. மேடமே பாராட்டினார். பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள், அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டியூஷன் சென்டர் பிள்ளைகளைக் கல்லூரிச் சின்ன அரங்குக்கு வரவழைத்தார்கள். முதல் வரிசை நடுவில் ஒரு நாற்காலியின் மேல் டைரக்டர் தன் கையால் எழுதிய காகிதம் இருந்தது. 'ஒரு பொண்ணு'.

"வந்துடுவா இல்ல?" என்றான்.

"வந்துடுவா" என்றாள். கேட்டால் அவளுக்குக் காய்ச்சல் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக் கடைசி வரிசையில் போய் ஒண்டிக்கொண்டாள்.

விளக்கை அணைக்கும் நேரத்தில் தோளில் டியூஷன் பையோடு ஒருத்தி மூச்சு வாங்க ஓடி வந்தாள். நேராக அந்த நாற்காலிக்குப் போனாள். காகிதத்தை எடுத்துப் படித்தாள், உட்கார்ந்தாள், அதையே மடித்து விசிறிக்கொண்டாள். டைரக்டர் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினான். கேமராக்காரன் எட்டி எட்டி அவளையே பார்த்தான்.

படம் ஓடியது. பிள்ளைகள் பயப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. காலை ஆட்டிக்கொண்டு பார்த்தார்கள். முடிந்ததும் டைரக்டர் மேடை ஓரத்தில் நின்று, "எப்படி இருந்துச்சு?" என்றான்.

"நல்லாருக்குண்ணா" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். பிடிக்கவில்லை என்பதைப் பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள்.

முன்வரிசைக்காரி மட்டும் கை தூக்கினாள். நன்றாக, தலைக்கு மேலே. "அண்ணா, ஒண்ணு கேக்கலாமா? அவ ஏன் முதல் நாளே போய்க் கதவத் தட்டல?"

"அது... நீதானே சொன்னே? தட்டினா சிரிப்பு நின்னுடும்னு பயம்னு?"

"நானா? நான் எப்ப சொன்னேன்? நானா இருந்தா தட்டி, என்ன ஜோக்கு, எனக்கும் சொல்லுங்கடின்னு கேட்டிருப்பேன்."

"அப்ப நீ ஏன் அந்தச் சீட்ல உக்காந்தே?"

"ஒரு பொண்ணுன்னு எழுதியிருந்துச்சு. நானும் ஒரு பொண்ணுதானே?"

அரங்கமே சிரித்தது. படத்துக்கு வராத சிரிப்பெல்லாம் சேர்ந்து இப்போது வந்தது. டைரக்டருக்குக் காது சிவந்துவிட்டது. பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கடைசி வரிசைக்கு வந்தான். பின்னாலேயே கேமராக்காரன்.

"அந்தப் பொண்ணு எங்க, ஆடியன்ஸ்?"

காய்ச்சல் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த வாரமும் கதவு திறக்கும். ஆனால் அந்தச் சின்னவள் தலைக்கு மேலே தூக்கிய கை கண்ணைவிட்டுப் போகவில்லை.

"நான்தான்" என்றாள்.

"நான்தான்னா?"

"அந்தப் பொண்ணு நான்தான். வேற யாரும் இல்ல. எல்லாம் நான் சொன்னது."

அவன் கத்தியிருந்தால்கூடத் தேவலை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "உனக்கு இருபத்திரெண்டு வயசு. நீ ஆடியன்ஸே கிடையாதே!" பிறகு கேமராக்காரனிடம், "ஸீன மாத்தணும்டா. முகமூடி எங்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே போய்விட்டான். கேமராக்காரன் கொஞ்சம் நின்றான். "அப்ப அவ இல்லவே இல்லையா?" என்றான். நிஜமாகவே யாரையோ இழந்தவன் முகம். எதிரே நிற்கிறவளைத்தான் அத்தனை நாளும் பிடித்திருந்தது என்பது அவனுக்கு உறைக்கவே இல்லை. அவனும் போனான்.

ஹாஸ்டலுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பக்கத்து அறையில் கச்சேரி தொடங்கியிருந்தது. கட்டிலில் உட்கார்ந்து கேட்டாள். இனிமேல் யாரிடமும் சொல்வதற்கு இதில் ஒன்றுமில்லை. ஆவது ஆகட்டும் என்று எழுந்தாள். என்ன ஜோக்கு, எனக்கும் சொல்லுங்கடி. அது அதிகப்படி. என்ன ஜோக்கு, எனக்கும் சொல்லுங்க. நடையில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு கதவைத் தட்டினாள்.

சிரிப்பு நின்றது.

"யாரு?"

"நான்தான்."

உள்ளே குசுகுசுவென்று ஏதோ பேச்சு. "நான்தான்னா யாரு?"

"பக்கத்து ரூம்."

"ஐயோ, ஸாரிக்கா! சத்தம் ரொம்ப ஜாஸ்தியாயிடுச்சா? இனிமே குறைச்சுக்கறோம்கா. ஸாரிக்கா!"

கதவு திறக்கவில்லை. பாவம், பயந்துவிட்டார்கள். அதற்கில்லை என்று சொல்ல வேண்டும். ஆனால் சாத்திய கதவைப் பார்த்து, நானும் சிரிக்க வந்தேன் என்று எப்படிச் சொல்வது? "பரவால்ல" என்றாள். திரும்பித் தன் அறைக்கு வந்தாள்.

நல்ல பிள்ளைகள், சொன்ன சொல் தவறவில்லை. அதன் பிறகு அந்தச் சுவரிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. நாற்காலியில் குவிந்திருந்த துணியைக் கட்டிலுக்கு மாற்றினாள். பிறகு அதை மறுபடி நாற்காலிக்கே மாற்றினாள். அழுகை வந்தது. அழுதாள்.

ஃபோன் அடித்தது. அம்மா.

"என்னடி, இன்னிக்கு ஒரு சத்தத்தையும் காணோம்? எங்க உன் ஃப்ரெண்ட்ஸெல்லாம்?"

"ஒரு பொண்ணு..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினாள். "இல்லம்மா. நான். நான் போய்ப் பக்கத்து ரூம் கதவத் தட்டினேன். அங்கதான் எப்பவும் சிரிப்பாங்க."

"தட்டினா?"

"சத்தத்தக் குறைச்சுட்டாங்கம்மா."

ஒரு 'ஆம்' கூடப் போடவில்லை. அந்தப் பக்கம் அம்மா ஃபோனை வைத்துவிடவில்லை. மூச்சு விடுவது மட்டும் கேட்டது. இத்தனை நாள் கேட்ட சிரிப்பு யாருடையது என்று அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. எப்படித் தெரியும் என்றால், அன்றைக்கு அம்மா போய் அவங்களோட இரு என்று சொல்லவில்லை, கடைசிவரை சாப்பிட்டியா என்றும் கேட்கவில்லை.