மூடியின் மஞ்சள்

செபமாலையம்மாளின் வலது கை பாலக்காட்டுக்குப் பக்கத்தில், கஞ்சிக்கோட்டுப் பட்டறை ஒன்றில் மேசைமேல் கிடந்தது. எபாக்சிப் பிசினில் வார்த்த கை. அச்சிலிருந்து எடுத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தேன் நிறத்தில், மெழுகுப் பளபளப்போடு இருந்தது. சொந்தக் கையை ஏழு மாதத்துக்கு முன், போடிமெட்டைத் தாண்டிக் கேரளப் பக்கத்துத் தேயிலை ஃபாக்டரியில், இலை அரைக்கும் உருளை தின்றுவிட்டது. உருளையின் வாய்க்கு இரும்பு மூடி ஒன்று உண்டு. அது இல்லாவிட்டால் இலையைச் சீக்கிரம் தள்ளலாம் என்று கம்பெனிதான் கழற்றிப்போட்டது. கை போனதும், 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதியும் வைத்துக்கொண்டது. எழுதுகிறவனுக்குக் கை இருக்கிறது, எழுதுகிறான்.

பிறகு கம்பெனி இரண்டு தர்மம் செய்தது. ஒன்று, இந்தக் கை. இன்னொன்று, செபமாலையின் வேலையை மகள் சிசிலிக்குக் கொடுத்தது. அதே உருளை, அதே இடம். மூடி மட்டும் இன்னும் வரவில்லை. சிசிலி வேலைக்குக் கிளம்பும் ஒவ்வொரு காலையும் செபமாலை மகளின் இரண்டு கையையும் தொட்டுப் பார்த்துத்தான் அனுப்புவாள்.

அவளோடு பட்டறைக்கு வந்திருந்த எஸ்டேட் கிளார்க் சுவக்கீனுக்கு அந்தக் கவலை எல்லாம் இல்லை.

"தோல் நெறம் அடிச்சிருங்க. பளபளக்கக் கூடாது. வியாழக்கிழமை ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வாராரு. பாத்தா நெசக் கைன்னே தோணணும். இன்னைக்கே வேணும்."

பட்டறைக்காரர் சின்னமுத்து மின்சார வாரியத்துக்கு எபாக்சிச் சாமான் வார்த்துக் கொடுப்பவர். அவர் அந்தக் கையின் மணிக்கட்டில் ஒரு சொட்டுப் பெயிண்டைத் தடவி, காயவிட்டு, நகத்தால் சுரண்டினார். தோலாக உரிந்து வந்தது.

"அச்சுல ஒட்டாம வரோணும்னு மெழுகு தடவித்தானுங்க வாக்கறது. அதும்மேல அடிச்சா இப்படித்தான். சோப்புத் தண்ணியில கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, பெயிண்டு புடிக்கறதுக்கு ப்ரைமர் குடுத்துட்டுத்தானுங்க கலர்."

"ரெட் ஆக்சைடு பூசினாப் போதாதா?"

"அது இரும்புக்குங்க. இதுக்கு ரெண்டு டப்பாவைக் கலந்து அடிக்கற ப்ரைமருங்க. நாளைக்குச் சாயங்காலந்தான் முடியும்."

சுவக்கீன் முணுமுணுத்துக்கொண்டே சாப்பிடப் போனார்.

நெசக் கைன்னே தோணணும். அந்தப் பேச்சு செபமாலைக்குள் எரிந்தது. நிஜக் கை என்று நினைத்துவிட்டால், கை போன கதையை இன்ஸ்பெக்டர் ஏன் கேட்கப்போகிறார்? அவளை வைத்தே அவள் வாயை அடைக்கப் பார்க்கிறார்கள். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அலமாரியில் ஒரு டப்பாவின் விளிம்பில் மஞ்சள் வழிந்திருந்தது.

"அண்ணே, அது என்ன பெயிண்டு?"

"மெஷின் மூடிக்கு அடிக்கறதுங்க அக்கா. ஆபத்துன்னு தெரியோணுமல்லங்க."

"எங்க மூடியும் அந்த மஞ்சதான். அதையே அடிங்க. நல்லா பளபளன்னு."

"கிளார்க்கு தோல் நெறமல்லங்க சொன்னாரு?"

"மாட்டிக்கப்போறது அவரா?"

சின்னமுத்து அவளுடைய மூளிக் கையைப் பார்த்தார். பிறகு உப்புத்தாளை எடுத்தார்.

"உரிஞ்சிராதே அண்ணே?"

"கை ஒடைஞ்சாலும் ஒடையுமுங்க. பெயிண்டு போகாது."

மறுநாள் சாயங்காலம் கையைச் செய்தித்தாளில் சுற்றி, சணல் போட்டுக் கட்டிக் கொடுத்தார். "நல்லா இறுகோணுமுங்க. வியாழக்கிழமை வரைக்கும் பிரிக்காதீங்க" என்று சுவக்கீனிடம் கண்ணிமைக்காமல் சொன்னார். தொழில்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரும் நம்பிவிட்டார்.

வியாழக்கிழமை ஃபாக்டரியில் உருளையை நிறுத்தி, கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். செபமாலை வீட்டிலேயே கையை மாட்டி, மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றாள். பக்கத்தில் சிசிலி.

"இந்தம்மாவுக்குக் கம்பெனி செலவுல கை செஞ்சு குடுத்திருக்கோம்" என்று மேனேஜர் துரை இன்ஸ்பெக்டரிடம் பெருமையாகச் சொன்னார்.

"கையக் காட்டு செபமாலை" என்றார் சுவக்கீன்.

கம்பளியை உதறினாள். மஞ்சள் பளீரென்றது. சுவக்கீனுக்கு முகம் செத்துப்போனது. செபமாலை நேராகப் போய், மூடி இருக்கவேண்டிய இடத்தில், உருளையின் வாய் விளிம்பில் அந்தக் கையை வைத்தாள்.

"எம் மக தெனமும் கை வைக்கிற எடம் சார் இது. சுவிட்சப் போட்டுக் காட்டுங்க தொரை. இந்தக் கை கம்பெனி செலவுதான, போனாப் போகட்டும்."

துரை சுவக்கீனுக்குக் கண்ணைக் காட்டினார்.

"கைய எடு" என்று சுவக்கீன் காதோரம் பல்லைக் கடித்தார். "சிசிலி வேலைய நெனச்சுப் பாரு."

"அத நெனச்சுத்தான் வச்சிருக்கேன்."

"இதின்டெ மூடி எவிடெ?" இன்ஸ்பெக்டர் மலையாளத்தில் கேட்டார். மூடி எங்கே என்பதற்கு அங்கே பதில் தெரியாதவர் யாருமில்லை. சிசிலிதான் வாய் திறந்தாள்.

"கோடவுன்ல கெடக்கு சார். சாக்குக்கு அடியில."

இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். ப்ரைமர் காணாத இரும்பு. துரு ஏறி, தொட்ட இடமெல்லாம் மஞ்சள் செதிலாக உதிர்ந்தது. மூடி வந்து உட்கார உட்கார, செபமாலை கையை அங்குலம் அங்குலமாக நகர்த்திக் கொடுத்தாள். நாலாவது போல்ட்டும் இறுகியபிறகுதான் எடுத்தாள்.

கையில் ஒரு கீறல்கூட இல்லை.