சுவரில் ஐந்து இருபது

லோகநாயகியின் ரவிக்கை நனைந்தால் மணி ஐந்தரை. எங்கள் வரிசையில் எல்லோருக்கும் இது தெரியும். சுவர்க் கடிகாரம் மட்டும் ஐந்து இருபது என்று பல்லிளித்துக்கொண்டிருக்கும்.

தாம்பரம் சானடோரியத்தில் மேசைக் கடிகாரம் செய்யும் கம்பெனி. உள்ளே சீராகத் துடித்து நேரம் காட்டும் கிரிஸ்டலைச் சோல்டரிங் செய்வது எங்கள் வேலை. கைக்கடிகாரத்தை வாசலிலேயே கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். உள்ளே உலோகம் ஆகாதாம். சுவரில் இருந்தது கரண்ட்டின் துடிப்பை எண்ணி ஓடும் பெரிய டிஜிட்டல் கடிகாரம். அந்தத் தொண்ணூற்றிரண்டு கோடையில் ஊரெல்லாம் ஃபேனும் மோட்டாரும் ஓட, பகலில் துடிப்பு குறையும், கடிகாரமும் நொண்டும், அதைப் பார்த்து அடிக்கும் ஐந்தரை பெல்லும் தாமதமாகும். காலையில் வாட்ச்மேன் துளசிங்கம் ரேடியோ 'பீப்' கேட்டு அதைச் சரிசெய்துவிடுவார். ஆக, உள்ளே வரும்போது கறார். வெளியே விடும்போது தாராளம். நல்ல நியாயம்!

லோகநாயகிக்குக் கூடுவாஞ்சேரியில் பால் குடிக்கும் கைக்குழந்தை. பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருகிறாள். பெல் தாமதமானால் ரயில் போய்விடும். அடுத்த வண்டி வருவதற்குள் பிள்ளை அழுது அழுது தொண்டை கட்டிவிடும். அன்று நேராக மேனேஜர் பத்ரிநாராயணனிடம் போய் நின்றாள்.

"சார், கடிகாரம் லேட்டா ஓடுது சார். கொழந்த பசியில கத்திகினு கீது."

"தெரியும்மா. கரண்ட்ல ஃப்ரீக்வென்ஸி கம்மி. அதுக்கு நான் என்ன பண்றது? பெல் அடிச்சாதான் கேட் திறக்கும்."

தெரியுமாம்! தெரியாமல் சொல்லியிருந்தால்கூட விட்டிருப்பேன். எனக்கு உச்சி மயிர் வரை பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக, சோதனைத் தட்டில் இருந்த எங்கள் கடிகாரங்களையெல்லாம் துளசிங்கம் அப்போதுதான் சரிசெய்த சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தே வைத்தோம். அவை கரண்ட்டை எண்ணுவதில்லை, கிரிஸ்டலின் துடிப்பை எண்ணுகின்றன. சாயந்தரம் தட்டு முழுக்கச் சிவப்பு எண்ணில் ஐந்து முப்பது. சுவரில் ஐந்து இருபது. லோகநாயகி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள். மேனேஜர் குறுக்கே வந்தார்.

"எங்க போற? பெல் அடிக்கலை!"

"அடிக்கும்போது அடிக்கட்டும் சார். எம்புள்ளைக்கு அது கேக்காது."

"இப்போ போறவ நாளைக்கு உள்ள வர முடியாது."

அவள் முகம் ஒரு கணம் வெளுத்தது. ஆனாலும் நடந்தாள். நான் எழுந்தேன்.

"இத்தினி கடிகாரமும் ராங்கா சார்? அப்போ பொட்டியில போட்டு இன்னாத்துக்கு விக்கிறீங்க?"

"பியூலா, நீ வாயை மூடு!"

மூடினேன். சோல்டரிங் அயர்ன் சுவிட்சையும் அணைத்தேன். பக்கத்தில் இன்னொரு சுவிட்ச் 'டக்' என்றது. அப்புறம் வரிசை முழுக்க.

வாசலில் துளசிங்கம் சாவியைப் பிடித்தபடி மேனேஜரைப் பார்த்தார். பிறகு லோகநாயகியைப் பார்த்தார், உடனே தலை குனிந்துகொண்டார்.

"அண்ணா, தொறங்க" என்றாள் அவள்.

அவர் பூட்டை மட்டும் கழற்றி, கைக்கடிகாரத் தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். ஸ்டேஷன் பக்கம் ரயிலின் ஹாரன் கேட்டது. அவள் கைக்கடிகாரத்தை எடுக்கவில்லை. இரண்டு கையாலும் தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தாள்.