யார் உடம்பின் சூடு

என் கட்சிக்காரர் ஒரு தையல்காரம்மா. இறந்துபோன கணவரின் பெயரில் பல மாதம் வலிமருந்து வாங்கினார் என்பது வழக்கு. கணவர் வெளியூரில், மகன் வீட்டில் இறந்தார். டாக்டருக்கும் மருந்துக்கடைக்கும் யாரும் சொல்லவில்லை. "ஐயாவுக்கு எப்படி இருக்கு?" என்று கடைக்காரர் கேட்பார். "வலி விடல" என்பார் அம்மா. மருந்து கைக்கு வந்துவிடும்.

பொய் சொல்லி மருந்து வாங்குவதைத் தண்டிக்கிற சட்டம் மூன்று பற்சக்கரங்களில் ஓடுகிறது. சொன்னது பொய்யாக இருக்க வேண்டும். பொய் என்று தெரிந்தே சொல்லியிருக்க வேண்டும். அதை நம்பி மருந்து கொடுத்திருக்க வேண்டும். பிறகு அதைக் குப்பையில் போட்டாலும் குற்றம் குற்றம்தான். இன்னொருவருக்குக் கொடுத்திருந்தாலோ அது தனிக் குற்றம். சிறை இன்னும் நீளும்.

மருந்து மாத்திரை அல்ல, பேட்ச். தோலில் ஒட்டுகிற மெல்லிய பிளாஸ்திரி. உடம்பின் சூடு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொள்ளும். தீர்ந்ததைக் கழற்றி, ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்துத் திருப்பிக் கொடுத்தால்தான் கடையில் புதியது தருவார்கள். வெளியே விற்காமல் இருக்க அந்த ஏற்பாடு. அம்மா ஒன்றுவிடாமல் திருப்பிக் கொடுத்திருந்தார்.

"எங்கே ஒட்டினீங்க?" என்று கேட்டேன்.

"அவர் படுக்கிற பக்கம், மெத்தையில."

எனக்கு ஒரே குஷி. மெத்தைக்கு ஏது சூடு? பேட்சில் மருந்து முக்கால்வாசி அப்படியே இருக்கும். யாருக்கும் கொடுக்கவில்லை என்று நிரூபித்துவிடலாம். அவர் திருப்பிக் கொடுத்ததில் கடையில் அழிக்காமல் கிடந்த கடைசிப் பேட்சுகளை, நானே மனுப் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பவைத்தேன்.

வினையை நானே வாங்கினேன். எல்லாப் பேட்சிலும் மருந்து ஏறக்குறைய தீர்ந்திருந்தது. பசையில் குட்டையான நரைமுடி. அம்மாவுக்கு நீளமான கருங்கூந்தல். பிடிபட்ட அன்று எடுத்த அவர் ரத்தத்தில் மருந்தே இல்லை. கணவரின் பழைய முடி மெத்தையிலிருந்து ஒட்டியது என்று வாதாடலாம். மருந்து எங்கே போனது?

"உயிரோட இருக்கிற ஒரு ஆள் போட்டிருக்கான் சார்," என்றார் அரசு வக்கீல். "பேரைச் சொல்லச் சொல்லுங்க. தண்டனையைக் குறைச்சுக் கேட்கிறேன்."

மறுநாள் அம்மா, அதே வீட்டில் கூட இருக்கும் தங்கையோடு என் அலுவலகத்துக்கு வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"யார் பேரையாவது சொல்லித் தொலையேன் அக்கா," என்றாள் தங்கை. "அத்தான் இருந்தப்பவும் உன்னை நிம்மதியா தூங்க விடல, போயும் விடலியே."

நான் இரண்டாவது சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன். "மனசு கலங்கியிருந்துச்சு, அவர் உயிரோட இருக்கார்னே நம்பினேன்னு சொல்லுங்கம்மா. தெரிஞ்சு சொன்ன பொய் இல்லைன்னு ஆயிடும்."

"செத்துட்டார்னு எனக்குத் தெரியாதா சார்? கண்ணை மூடிவிட்டதே நான்தான்." கைப்பையின் வாரை நீவிக்கொண்டே சொன்னார். "செத்தும் வலி போகல. கடைக்காரர் கேட்டதுக்கு உள்ளதைத்தானே சொன்னேன்?"

எழுதிக்கொண்டிருந்த நான் நிறுத்திவிட்டேன்.

"இப்போ பேட்ச் இல்லாம ரொம்பத் துடிக்கிறார். நான் உள்ளே போயிட்டா யார் பார்ப்பா?"

தங்கை ஏதாவது கிண்டல் செய்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது.

"சார், எப்படியாவது அக்காவை உள்ளே போக விட்டுடாதீங்க," என்றாள். "அத்தான் முனகுற அந்தச் சத்தத்தோட நான் தனியா அந்த வீட்டுல இருக்க மாட்டேன்."