ரிப்பீட் இல்லாத மாதம்

எங்கள் எக்ஸ்ரே பிரிவில் கெட்ட வார்த்தை ஒன்றுதான். ரிப்பீட்.

ஒரு படம் சரியாக வரவில்லை என்றால் மறுபடி எடுக்க வேண்டும். எடுத்தால் கணினி அதைக் கணக்கில் சேர்க்கும். படம் ஏன் கெட்டது, எங்கே தவறு என்று பார்த்துத் திருத்திக்கொள்வதற்காக வந்த ஏற்பாடு. பிரிவின் தலைவர் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டார். ரிப்பீட் குறைந்தால் தரம் கூடும். ரிப்பீட்டே இல்லையென்றால் தரத்துக்கு எல்லையே இல்லை.

ஆகவே கெட்ட படங்களை நல்ல படங்கள் என்று அனுப்பினோம். நுரையீரலின் மேல்நுனி வெட்டுப்பட்ட படம், கை ஆடிய படம், எல்லாம் போயின. யாரும் திருப்பி அனுப்பவில்லை. சுவரில் இருந்த வரைபடம் மாதாமாதம் சரிந்து தரையைத் தொட்டது. இந்த மாதம் சுத்தப் பூஜ்யம். தலைவருக்கு நாங்கள் வைத்த பெயரும் அதுதான்.

பூஜ்யம் என் அக்காவின் கணவர். வீட்டில் மாமா, இங்கே சார். மாற்றிச் சொன்னால் முறைப்பார்.

தர ஆய்வுக் குழு வந்த அன்று அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். அக்கா கூட்டிவந்தாள்.

"சும்மா சுளுக்கு. இவதான் ஊரைக் கூட்டிட்டா," என்றாள் அம்மா. வலியில் உதடு வெளுத்திருந்தது.

மேஜையில் படுக்கவைத்தேன். கால் ஆடாமல் இருக்க இருபுறமும் மணல் பைகளை வைக்கக் குனிந்தபோது பூஜ்யம் உள்ளே வந்தார். பின்னால் குழு. மூன்று பேர், ஒரே புன்னகை.

"நானே எடுக்கறேன்," என்றார். "தலைமையில இருக்கறவன் இறங்கி வேலை செஞ்சாத்தான் தரம்."

அவர் கடைசியாகப் பொத்தானை அழுத்தியது எந்த மிஷினில் என்று எனக்குத் தெரியாது. அந்த மிஷின் இப்போது இருக்கிறதா என்பதும் சந்தேகம்.

"மணல் பை இன்னும் வைக்கல, சார்."

"அத்தை என்ன சின்னக் குழந்தையா? சொன்னா கேப்பாங்க."

எல்லோரும் கண்ணாடிக்குப் பின்னால் போனோம். அவர் மைக்கில் சொன்னார். "அத்தை, அசையாதீங்க."

வேறு யார் சொல்லியிருந்தாலும் அம்மா அசையாமல் கிடந்திருப்பாள். சொன்னது மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்குப் படுத்துக்கொண்டே பதில் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. முழங்கையை ஊன்றி, போர்வையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டு, "சரிங்க மாப்பிள்ளை," என்றாள். சரியாக அப்போதுதான் அவர் அழுத்தினார்.

திரையில் அம்மாவின் இடுப்பு வந்தது. ஓடும் பேருந்திலிருந்து எடுத்த மாதிரி இருந்தது.

"அருமை," என்றார் குழுவில் மூத்தவர். அவர் சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அசைஞ்சிருக்கு. தொடை எலும்போட கழுத்து தெரியவே இல்ல. மறுபடி எடுக்கணும்."

"தேவையில்லாம கதிர்வீச்சு குடுக்கறது பாவம்மா," என்றார், குழுவுக்குக் கேட்கும்படி. குழு தலையாட்டியது. டீ குடிக்கப் போனார்கள்.

அவசரப் பிரிவு டாக்டர் படத்தைத் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"மங்கலா இருக்கே?"

"சாரே எடுத்தது," என்றாள் நர்ஸ்.

"அப்போ சரியாத்தான் இருக்கும்."

முறிவு இல்லை என்று எழுதினார். வீட்டுக்கு நடந்தே போகலாம் என்றார்.

தொடை எலும்பு இடுப்போடு சேரும் அந்தக் கழுத்தில் கீறல் இருந்து அதன்மேல் எழுந்து நின்றால், விலகாத எலும்பு விலகும். ஓரிரு ஸ்க்ரூவில் முடிய வேண்டியது இடுப்பு மூட்டையே மாற்றுவதில் போய் நிற்கும். டாக்டரும் இதைப் படித்திருப்பார். படித்ததற்குச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருந்தது.

விஷயம் தெரிந்து நான் ஓடியபோது அக்கா அம்மாவைத் தாங்கிப் பிடித்திருந்தாள். அம்மாவின் கால் ட்ராலியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"காலைக் கீழே வைக்காதே!"

"ஏண்டி கத்தறே? மாப்பிள்ளையே பார்த்துட்டாரு."

"மாப்பிள்ளை கிழிச்சாரு."

அக்கா முறைத்தாள். "என் புருஷனைத் திட்டறதுன்னா எனக்குப் பின்னால திட்டு."

"திட்டறேன். முதல்ல ட்ராலியைப் பிடி."

பிடித்தாள். பூஜ்யத்தோடு குடித்தனம் நடத்துகிறவள் அவள்.

எக்ஸ்ரே அறைக்குத் திரும்பி மணல் பைகளை வைத்து முடித்தபோது அவர் கதவருகே நின்றார். கையில் டீ.

"என்ன நடக்குது இங்க?"

"ரிப்பீட்."

"மெதுவாப் பேசு. பக்கத்து ரூம்ல இருக்காங்க." குரலைத் தாழ்த்தினார். "சரி, எடு. ஆனா வேற பேர்ல போடு. டெஸ்ட் நோயாளின்னு போட்டுக்கோ."

"ஆபரேஷனையும் டெஸ்ட் நோயாளிக்கே பண்ணிடலாமா, மாமா?"

"இங்க சார்னு சொல்லு."

அம்மாவின் பெயரிலேயே எடுத்தேன். தொடை எலும்பின் கழுத்தில், குறுக்கே, மயிரிழை போல ஒரு கீறல். இன்னும் விலகவில்லை.

முதல் படத்தை ஏன் ஒதுக்குகிறாய் என்று கணினி கேட்டது. 'அசைவு' என்பதை அழுத்தினேன். எடுத்தது யார் என்று கேட்கவில்லை. அதற்குத் தெரியும்.

அதற்குள் குழு வந்துவிட்டது. மூத்தவர் திரையை எட்டிப் பார்த்தார். "ரிப்பீட் ஒண்ணு ஏறிடுச்சு போலிருக்கே?"

"நோயாளி ஒத்துழைக்கலைங்க," என்றார் பூஜ்யம். நோயாளியின் இரண்டு மகள்களும் பக்கத்திலேயே நிற்க, கூசாமல். "வயசானவங்க. சொன்னாப் புரியாது."

குழு அவருக்காக வருத்தப்பட்டது. எலும்பைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

டாக்டர் முறிவு என்று மாற்றி எழுதினார். எலும்பு டாக்டரை வரச் சொன்னார்கள். லிஃப்டில் அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மாப்பிள்ளையை ஒண்ணும் சொல்லாதீங்கடி. அவர் எடுத்தப்ப எலும்பு முழுசாத்தானே இருந்துச்சு? நீ எடுத்த பிறகுதான் உடைஞ்சிருக்கு."

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பில் தோள் குலுங்கியது.

"வாயை எவ்வளவு வேணா ஆட்டு," என்றேன். "காலை மட்டும் ஆட்டாதே."