புறங்கையில் ஒரு தாள்

ஆறு மணிக்கே செருப்புக் கம்பெனியின் ஒட்டுப் பிரிவில் பெல்ட் ஓடத் தொடங்கிவிட்டது. வெளியே நெடுஞ்சாலையில் லாரிகள் இன்னும் விளக்கை அணைக்கவில்லை. உள்ளே தகரக் கூரைக்குக் கீழே இருபத்தாறு பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒரு கையில் பிரஷ், மறு கையில் சோல். பிரஷை டப்பாவில் முக்கி, விளிம்போடு ஒரு சுற்று, நடுவில் ஒரு இழுப்பு, பெல்ட்டில் வைத்துவிட்டு அடுத்தது. விடியற்காலை நாலரைக்குப் பூலாம்பாடியிலும் சுற்று ஊர்களிலும் வேன் ஏறியவர்கள். கரைத்துக் குடித்த பழைய சோறு வயிற்றில் இறங்குவதற்குள் சொல்யூஷன் பசையின் வாடை மூக்கில் ஏறி நெற்றியில் போய் உட்கார்ந்துகொள்ளும். முதல் அரை மணி நேரம் கண் எரியும். அப்புறம் எரியாது. பழகிப்போச்சு என்று சொல்லிக்கொள்வார்கள்.

சுவரின் உச்சியில் காற்றை வெளியே தள்ளும் ஃபேன் இரண்டு இருந்தன. ஒன்று போன தீபாவளியோடு நின்றுவிட்டது. புறா கூடு கட்டியிருந்தது அதில். மற்றது ஓடும். ஓடினால் வாசல் வழியாகத் தூசி வந்து பசையில் ஒட்டுகிறது, சோல் பிரிகிறது என்று அதன் சுவிட்சின் மேல் டேப் ஒட்டியிருந்தார்கள்.

வரிசையின் கோடியில் வளர்மதியும் தனமும். உள் அட்டைக்குச் சொல்யூஷன் தடவி ஒட்டி, இடதையும் வலதையும் ஜோடி சேர்த்து, மெல்லிய தாளில் சுற்றிப் பெட்டியில் வைப்பது அவர்கள் வேலை. வளர்மதிதான் வரிசைக்குப் பொறுப்பு. தப்பு நடந்தால் நோட்டில் பேர் எழுதுவது அவள்.

தனம் சிரித்தாள். ஒன்றுமில்லாததற்கு, தோள் குலுங்க.

"ஏன்டி சிரிக்கற?"

"தெரியலக்கா. வருது."

பத்து மணிக்கு அந்தச் சிரிப்பு நிற்கும். சாப்பாட்டு மணிக்கு மேல் மூஞ்சி இருண்டுபோகும். போன வாரம் யாரோ கிண்டல் செய்ததற்குப் பிரஷை வீசி எறிந்தாள். வீட்டில் உப்புப் போட்ட குழம்புக்கு இரண்டாம் தரம் உப்புப் போடுகிறாளாம். அவள் புருசன் நல்லதம்பி மூச்சை மோந்து பார்த்துவிட்டு, எங்கே போய்க் குடித்துவிட்டு வருகிறாய் என்று கேட்டிருக்கிறான். மாமியார் குலசாமி கோயிலுக்குக் கூட்டிப்போய் வேப்பிலை அடித்து நாலு நாள் அங்கேயே தங்க வைத்தாள். நாலாம் நாள் தனம் தெளிந்து, எல்லாரையும் சரியாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டாளாம். சாமி எடுத்துவிட்டது என்று பொங்கல் வைத்தார்கள். வேலைக்கு வந்த எட்டாம் நாள் பழையபடி சிரிப்பு. சாமிக்கு ஏதோ குறை என்றாள் மாமியார். வேன் முழுக்க அதை ஒத்துக்கொண்டது. வளர்மதியும்தான்.

அன்று சூப்பர்வைசர் செந்தில்குமார் வளர்மதியிடம் வந்து, முதலாளி ஆபீசுக்கு வரச்சொன்னார் என்றான். முதலாளி கலையரசன் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மேசைமேல் ஒரு பெட்டி. திறந்து காட்டினார். உள்ளே இரண்டு செருப்பு. இரண்டும் இடது கால்.

"வாங்குறவன் போட்டோ எடுத்து, பெட்டியயும் திருப்பி அனுப்பியிருக்கான் வளர்மதி. உங்க கம்பெனியில எல்லாருக்கும் ரெண்டு காலும் இடதான்னு கேக்கறான். இது யாரு வேல?"

பெட்டி திரும்பி வந்தது தெரிந்ததுமே வளர்மதி நோட்டில் எழுதியிருந்தாள். தனம் என்று. வேறு யாராக இருக்கும் என்ற நினைப்பில்தான் எழுதினாள்.

கலையரசன் ஒரு கடிதத்தை எடுத்து வைத்தார். டைப் அடித்திருந்தது. மனநிலை சரியில்லாத காரணத்தால் நானாகவே வேலையை விட்டு விலகிக்கொள்கிறேன். கீழே கையெழுத்துப் போடத் தனத்துக்கு ஒரு கோடு, சாட்சிக்கு ஒரு கோடு.

"வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டுக் குடு. நீயும் சாட்சிக்குப் போடு. அந்தப் பொண்ணு நல்லதுக்குத்தான் சொல்றேன். பிரஸ் மிஷின்ல கைய விட்டுச்சுன்னா நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

வளர்மதி சரிங்க சார் என்றுதான் சொன்னாள். வெளியே வந்த பிறகுதான் அந்த முதல் வார்த்தை உறுத்தியது. மனநிலை. அதோடு போனால் தனத்தை இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கம்பெனி உள்ளே விடும்? நல்லதம்பிக்கு ஒரு காகிதம் போதும், அவளை அம்மா வீட்டில் கொண்டுபோய் விட.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் தனத்தைப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். பைத்தியம் இல்லை என்று ஒரு சீட்டு வாங்கிவிட்டால் முதலாளியிடம் காட்டலாம் என்பது கணக்கு. மூன்று மணி நேரம் வரிசை. உள்ளே இருந்தது சின்ன வயசு டாக்டரம்மா. தலைவலி, மறதி, கை கால் மரமரப்பு என்று எழுதிக்கொண்டே வந்தவள், இதுவரை எந்தக் கோயிலிலும் எந்த வீட்டிலும் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"என்ன வேல பாக்குறீங்க?"

"செருப்புக் கம்பெனிங்க."

"அங்க என்ன வேல?"

"சொல்யூஷன் தடவறதுங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று கேட்டாள். தனம் யோசித்துவிட்டு, சாயங்காலத்துக்கு மேல் நல்லாத்தான் இருக்கும் என்றாள். லீவு போட்டு எங்கேயாவது நாலு நாள் இருந்தீர்களா என்று கேட்டாள். வளர்மதி கோயில் கதையைச் சொன்னாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. கையில் ஒட்டினால் எதில் கழுவுவீர்கள் என்றாள். தின்னரில்தான். சோப்புக்குப் போகாது. சாப்பாட்டு மணி அடித்ததும் ஒரு பிளாஸ்டிக் மக்கில் தின்னர் ஊற்றி இருபத்தாறு பேரும் ஒருத்தி கைமேல் ஒருத்தி கையாக விட்டுக் கழுவுவார்கள். அந்த நேரத்தில்தான் கேலியும் கதையும் ஓடும்.

"மூளையில நரம்பு செல்லு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்காதும்மா. நடுவுல மயிரிழை எடம். ஒண்ணு துளி ரசாயனத்த விடும், அடுத்தது வாங்கிக்கும். சிரிப்பு, கோவம், ஞாபகம், கை எந்தப் பக்கம் போகணும்ங்கறது, எல்லாம் அதுலதான் நடக்குது. நீங்க மோக்கற ஆவி கொழுப்புல கரையற சாதி. மூளையில கொழுப்பு ஜாஸ்தி. ரத்தத்தோட நேரா அங்க போயி குறுக்க நின்னுக்கும். அதான் காலையில சிரிப்பு, மத்தியானம் அழுகை. வேல போயிருமோன்னு தெனமும் பயந்தா அதுக்கும் உடம்புல ஒண்ணு சுரக்கும். அது தூக்கத்தயும் கெடுத்து ஞாபகத்தயும் கெடுக்கும்."

"அப்ப நான் பைத்தியம் இல்லீங்களா?" என்றாள் தனம்.

"இல்ல."

தனம் அதை நம்பாதவள் போல மறுபடி வளர்மதியைப் பார்த்தாள்.

விலகி இருந்தால் பெரும்பாலும் குறையும், முழுக்கச் சரியாகுமா என்று இப்போதே சொல்ல முடியாது, திருச்சியில் பரிசோதனை செய்ய எழுதித் தருகிறேன் என்றாள் டாக்டரம்மா. பிறகு தனத்தைக் கை இரண்டையும் முன்னால் நீட்டி விரலை விரிக்கச் சொல்லி, புறங்கைமேல் ஓ.பி. சீட்டை வைத்தாள். சீட்டு படபடவென்று ஆடியது. மின்விசிறி நின்றிருந்தது.

"நீங்களும் நீட்டுங்க."

"எனக்கு ஒண்ணும் இல்லீங்களே."

"சும்மா நீட்டுங்க."

வளர்மதி கைமேல் சீட்டு அவ்வளவு ஆடவில்லை. ஆனால் ஆடியது. அதன் ஓரம் அவள் கண்ணுக்கு முன்னால் துடித்துக்கொண்டே இருந்தது. இறுக்கிப் பிடிக்கப் பார்த்தாள். இன்னும் அதிகமாகத் துடித்தது.

வேலையால் வந்தது என்று எழுதித் தாருங்கள் என்று வளர்மதி கேட்டதற்கு டாக்டரம்மா உதட்டைக் கடித்தாள். "ஒருத்தர வெச்சு எழுதினா, அவங்க உடம்பு அப்படின்னு கம்பெனி சொல்லிரும். இன்னும் எத்தன பேருக்கு இருக்கும்மா?"

பஸ்ஸில் தனம் சன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கினாள். வளர்மதி விழித்திருந்தாள். அந்த இரண்டு இடது கால் பெட்டி. தாள் சுற்றியது யார், மூடி போட்டது யார் என்று யோசித்தாள். தனம் அந்த நேரம் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாளோ? தன் கை மூடியை அழுத்தியது போல ஒரு நினைப்பு. அது அந்தப் பெட்டியா, வேறு பெட்டியா? எவ்வளவு குடைந்தும் பிடிபடவில்லை. தனத்தின் பேரை எழுதிய பேனா மட்டும் நன்றாக நினைவிருந்தது. நீல மை.

மறுநாள் சாப்பாட்டு மணிக்கு மக் வந்தது. வளர்மதி கையை விடவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த தேங்காய் எண்ணெயைத் தேய்த்துத் துணியில் துடைத்தாள். என்ன வளரு, கல்யாணத்துக்குக் கிளம்பிட்டியா என்று சாகிரா கேட்டாள். லப்பைக்குடிக்காட்டுக்காரி. தனத்தைக் கேலி செய்வதில் அவள்தான் முன்னால் நிற்பாள். வளர்மதி டாக்டரம்மா சொன்னதைச் சொன்னாள். சிலர் டிபன் பாக்ஸை மூடாமல் கேட்டார்கள். சிலர் எழுந்து போய்விட்டார்கள். புவனேஸ்வரிக்கு வளைகாப்பு முடிந்து பத்து நாள்தான் ஆகிறது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழாமல் உட்கார்ந்திருந்தாள். கம்பெனியை மூடிவிட்டால் எங்கே போவது என்று ஒருத்தி கேட்டாள்.

வளர்மதி பெட்டிக்குள் வைக்கிற மெல்லிய தாளில் ஒன்றை எடுத்து, சாகிராவைக் கை நீட்டச் சொன்னாள். சாகிரா சிரித்துக்கொண்டே நீட்டினாள். தாள் சரசரத்தது. சிரிப்பு நின்றது.

"யா அல்லா. நேத்து தொழுகையில எத்தன ரக்அத்து, எத்தன சுத்து முடிஞ்சுதுன்னு தெரியாம நின்னேன். சைத்தான் வேலைன்னு நெனச்சேன்." கையை மடியில் போட்டுக்கொண்டாள். தனத்தின் பக்கம் திரும்பி, "மாப்பு பண்ணிக்கடி" என்றாள்.

அன்றும் மறுநாளும் தாள் கைக்குக் கை போனது. பதினெட்டுப் பேர் கை ஆடியது. ஆடாதவர்கள் போன மாதம் சேர்ந்தவர்கள்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குக் கலையரசன் தானே ஒட்டுப் பிரிவுக்கு வந்தார். கர்ச்சீப்பை மூக்கில் வைத்திருந்தார். பின்னால் செந்தில்குமார். கடிதம் கையெழுத்தாகவில்லை என்று தெரிந்ததும் பெல்ட்டை நிறுத்தச் சொன்னார்.

"என்ன வளர்மதி, சொன்னது மறந்துபோச்சா?"

"மறந்துதான் போவுது சார். அதான் சொல்லணும்னு இருந்தேன்." "அந்த ரெண்டு இடது கால் பெட்டிய தனம்தான் வெச்சான்னு எழுதினேன். வெச்சது நானாக்கூட இருக்கலாம் சார். எனக்கு ஞாபகம் இல்ல."

"அப்படின்னா நீயும் சேத்துப் போடு கையெழுத்து. ரெண்டு பேரும் கெளம்புங்க."

"கைக்கு உறை வேணும். ஃபேன் ரெண்டும் ஓடணும். எல்லாரையும் டாக்டர் வந்து பாக்கணும். அதுவரைக்கும் தனத்த வெளிய பார்சல் கட்டற எடத்துல போடுங்க. அவ பைத்தியம் இல்ல."

"நீ டாக்டரா? இந்த ஊருல வேலைக்கு ஆளா இல்ல? செந்துறையிலேர்ந்து நாளைக்கே ரெண்டு வேன் ஆளு வரும்."

"வரட்டும் சார். அவங்களுக்கும் மூளை இருக்கும்ல" என்றாள் சாகிரா.

வளர்மதி ஒரு தாளை எடுத்தாள். கையை நீட்டி, விரலை விரித்து, புறங்கைமேல் வைத்துக்கொண்டாள். அவள் பக்கத்தில் தனம். அடுத்து சாகிரா. புவனேஸ்வரி ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினாள். வரிசை நெடுக வெள்ளைத் தாள்கள் எழுந்தன. காற்றில்லாத அந்த ஷெட்டில் அவை ஆடின. சத்தம்கூடக் கேட்டது, காய்ந்த சோளத்தட்டை உரசுகிற மாதிரி. கம்பெனி மூடினால் எங்கே போவது என்று கேட்டவளும் நீட்டியிருந்தாள்.

கலையரசன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் கையிலும் ஒரு காகிதம் இருந்தது, அந்தக் கடிதம். வளர்மதி அதையே பார்த்தாள். பெண்களும் ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். அது ஆடவில்லை. அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"செந்தில், இதுங்க பேர எல்லாம் எழுது."

செந்தில்குமார் நோட்டை வாங்கினான். மூன்று வருசமாக இதே ஷெட்டில் நிற்கிறவன். பேனாவைத் திறந்தான். எழுதவில்லை. நோட்டைப் பெல்ட்டின்மேல் வைத்துவிட்டு, பெட்டியிலிருந்து ஒரு தாளை உருவித் தன் கைமேல் வைத்துப் பார்த்தான். தாள் ஆடியது. பிறகு நடந்து போய், சுவிட்சின் மேலிருந்த டேப்பைப் பிய்த்துப் போட்டான்.

ஃபேன் முனகிக்கொண்டு கிளம்பியது. மாதக்கணக்கில் படிந்திருந்த தூசி கொட்டியது.

"யாரு போடச் சொன்னா?" என்றார் கலையரசன்.

"நாங்க" என்றாள் தனம். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

அவர் போன் எடுத்துக்கொண்டு வெளியே போனார். செந்துறைக்கா, போலீசுக்கா என்று தெரியவில்லை. வேன் சாயங்காலம் வருமா, திங்கட்கிழமை கேட் திறக்குமா என்பதும் தெரியவில்லை. புவனேஸ்வரியை வாசலோரம் காற்றில் உட்கார வைத்தார்கள். சாகிரா தின்னர் மக்கைத் தூரக் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டு வந்தாள். வளர்மதி நோட்டின் புதுப் பக்கத்தைத் திருப்பி, தொழிற்சாலை ஆய்வாளர் அவர்களுக்கு என்று எழுதினாள். எழுத்து கோணலாகத்தான் வந்தது. கீழே முதல் பேரைத் தன் பேராக எழுதி, நோட்டைத் தனத்திடம் நீட்டினாள். தனம் பேனாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சாகிரா குனிந்து, நோட்டு நகராமல் அழுத்திக்கொண்டாள்.